தும்பை வீட்டில் படிக்கிறாள்

ராகிக் கஞ்சி அடிபிடிக்கறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துரோணும்னு கிண்ட ஆரம்பிச்சேன், கஞ்சி அடிபிடிச்சுப் போச்சு, முடிவு வரல. இதுல முடிவு பண்ண என்ன இருக்குன்னு கேட்டா ஒண்ணுமே இல்ல. ரெண்டு வருசமா நான் மல்லுக்கட்டின சங்கதி. புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேருங்க சேருங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தி, அழுது, மூஞ்சியத் தூக்கி வச்சு, ஒரு நாள் சோறாக்காமப் படுத்துக் கெடந்து, எதுக்கும் அசையாத மனுசன் இன்னைக்குக் காலைல செருப்பு மாட்டிக்கிட்டே சொல்றாரு, "சரி கோகிலா, தும்பையச் சேத்திரலாம். நாலு தெரு தள்ளி இருக்கற பள்ளிக்கூடத்துல ஹெச்எம் டீச்சரைப் பாத்துப் பேசிட்டேன். இன்னையோட சேர்க்கை முடியுதாம், இதை விட்டா அடுத்த ஜூன்தான். மத்தியானம் போன் பண்றேன், நீ யோசிச்சுச் சொல்லு. உன்ற முடிவுதான்." உன்ற முடிவாமா. கல்யாணமாயி இத்தனை வருசத்துல சாம்பாருக்கு என்ன காய்னு தவிர ஒண்ணுத்துக்கும் என்ற முடிவைக் கேக்காத மனுசன். நான் என்ன பண்ணிருக்கோணும்? கரண்டியத் தூக்கிக் கடாசிட்டுப் புள்ளையக் கட்டிப் புடிச்சு ஆடிருக்கோணும். சரிங்கன்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுக்கிட்டு எறங்க மாட்டேன்னுருச்சு. "யோசிச்சுச் சொல்றேனுங்க"ன்னேன். அவரே ஒரு நிமிசம் திரும்பிப் பாத்தாரு. எனக்கே சுருக்குன்னுச்சு. யோசிக்கறாளாம்ல, பெரிய இவ. என்னத்தடி யோசிக்கப் போற? தும்பை கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தா. அப்பா போனதும் கண்ணாடி முன்னாடி போயி அவளாவே ரெட்டை சடை போட்டுக்கிட்டா. ஒண்ணு காதுக்கு மேல நிக்குது, ஒண்ணு கழுத்துக்குக் கீழ தொங்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இடுப்புல வாகையத் தூக்கி வச்சுக்கிட்டு, மருது மூக்கத் தொடச்சு விட்டுக்கிட்டு, எப்பவும் போலத் திரியறா. கேட்டுத் தொலைச்சாளாவது பரவால்ல, அம்மா நான் போறேனான்னு. கேக்க மாட்டா.

தும்பை, மருது, வாகை. பேரைப் பாருங்க. மூத்ததுக்கு ஏழு வயசு, நடுவுலதுக்கு மூணு, கடைக்குட்டிக்கு இன்னும் உக்காரக்கூடத் தெரியாது, ஆறு மாசம். மூணுக்கும் செடி கொடி மரம்னு தேடிப் பேர் வச்சாரு எங்கூட்டுக்காரரு பூபதி, இயற்கை அங்காடி நடத்தற மனுசன் வேறென்ன பேரு வைப்பாரு. ஊடு பூராவும் நந்தவனம், தண்ணி ஊத்தறவ நான் ஒருத்தி. தும்பைய எல்கேஜில சேத்தி நாலு மாசம் போயிட்டுத்தான் இருந்தா. நல்லாத்தான் போனா, அழுகல, ஆர்ப்பாட்டம் பண்ணல. இவரு எங்கயோ மலையடிவாரத்துல ஒரு முகாமுக்குப் போயிட்டு வந்தாரு. போறப்ப ஆளாப் போனாரு, வர்றப்ப ஞானியா வந்தாரு. பள்ளிக்கூடம்ங்கறது தொழிற்சாலை, புள்ளைகளை அச்சுல வாத்து எடுக்கறாங்க, குழந்தை தானா மலரோணும்னாரு. மலரோணும், மலரோணும், எந்நேரமும் இதே பேச்சு. நான் கணக்குல எம்எஸ்சி, பிஎட் முடிச்சவ, அஞ்சு வருசம் பள்ளிக்கூடத்துல நின்னு ஊரான் புள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ. என்னைப் பாத்துச் சொல்றாரு, நீ டீச்சர்ங்கறதாலதான் உனக்குப் புரியமாட்டேங்குதுன்னு. புரியலையாமா. நான் சண்டை போட்டேன். ஆனா அன்னைக்குப் போட்டனா? இதுல வந்துதான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கிட்டு நிக்கறேன். முதல்ல போடல. மருது வயித்துல இருந்தான், எட்டாம் மாசம். காலைல எந்திரிச்சுக் குனிஞ்சு அவளுக்கு ஷூ மாட்ட முடியல, மூச்சு வாங்குச்சு, வேன்காரன் கீழ நின்னு ஹாரன் அடிப்பான். போகட்டும் ஒரு ஆறு மாசம் ஊட்டுலயே இருக்கட்டும்னு எனக்கும் பட்டுச்சு. சத்தமாச் சொல்லல, ஆனா பட்டுச்சு. அவரு நிறுத்தலாமான்னு கேட்டப்ப நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததும் சரின்னு சொன்னதும் ஒண்ணா? அதெப்படி ஒண்ணாகும். ஆகாது. அப்புறந்தான் கத்துனேன்ல. மருது பொறந்து தவழ ஆரம்பிச்சப்புறம் கத்துனேன். சரி அதை விடு இப்போ.

"தும்பை, சிலேட்டை எடுத்துட்டு வா சாமி"ன்னேன். வந்தா. பள்ளிக்கூடத்துல உக்கார வைக்கறதுக்கு முன்னாடி எழுத்தாவது ஒரு சுத்து பாத்துரலாம்னு. அந்த ஹெச்எம் டீச்சர் பாவம் நல்லவங்களாட்டத் தெரியுது, ரெண்டாவதுல உக்கார வச்சு ஒரு மாசம் தனியாச் சொல்லித் தர்றேன்னு சொன்னாங்களாம். அவங்களுக்கு இருக்கற நம்பிக்கை எனக்கில்ல. வாகையத் தொட்டில்ல போட்டாச்சு. எங்கூட்டுப் பாடவேளைங்கறது வாகை தூங்கற நேரம், மணி அடிக்கறது அவதான். தும்பை காலை நீட்டி உக்காந்து, கட்டை விரல்ல தொட்டில் கயித்தை மாட்டிக்கிட்டா. ஆட்டிக்கிட்டேதான் எழுதுவா, எழுதிக்கிட்டேதான் ஆட்டுவா. எனக்கு இது இத்தனை நாளாக் கண்ணுல படவே இல்ல, இன்னைக்குத்தான் அந்தக் கட்டை விரலைப் பாக்கறேன். கயிறு உரசி உரசி அந்த எடம் மட்டும் காய்ச்சுப் போயிருக்கு. "இது என்ன எழுத்து?" "ட." "நல்லாப் பாரு." பாத்தா. எழுத்தைப் பாக்கல, என்ற மூஞ்சியப் பாத்தா. என்ற புருவத்தைப் பாத்துட்டு, "ப"ன்னா. "சரி, இது?" அதுக்குள்ள மருது வந்துட்டான், "அம்மா கக்கா." இன்னும் நான் முட்டியில கை ஊணி எந்திரிக்கக்கூட இல்ல, அவ எந்திரிச்சுட்டா. "நீ உக்காரும்மா, நான் கழுவி விட்டுர்றேன்." போயிட்டா. நான் சிலேட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். டீச்சர் உக்காந்திருக்கா, புள்ளை வேலைக்குப் போயிருச்சு. கயிறு சும்மா கெடக்குது, தொட்டில் ஆட்டம் நிக்கப் போகுது, நின்னா அது எந்திரிச்சுக்கும், நான் கையால ஆட்டறேன், பாத்ரூம்ல தண்ணி ஊத்தற சத்தம், "காலை அகட்டி நில்லுடா, இல்லாட்டி ஜட்டியெல்லாம் நனைஞ்சு போகும்"ங்கறா, அப்படியே என்ற குரலு. என்ற குரலு இவ்வளவு சலிப்பாவா இருக்கும்? திரும்பி வந்து உக்காந்து, ஈரக்கையப் பாவாடைல தொடச்சுட்டு, "எங்க விட்டோம்?"ங்கறா. எங்கயும் விடலடி கண்ணு, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

அவளுக்கு வாசிக்கத் தெரியாதுங்கறது எனக்கே போன வாரந்தான் தெரியும். இதை வெளிய சொன்னா நம்புவாங்களா? பெத்தவ, அதுலயும் டீச்சர். ஊட்டுல இருக்கற படக்கதைப் புத்தகத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு மருதுவ மடியில உக்கார வச்சு அத்தனை அழகா வாசிப்பா. விரலை வரிக்கு மேல ஓட்டுவா, சரியான எடத்துல பக்கம் திருப்புவா, நரி பேசறப்ப நரியாட்டப் பேசுவா. அதை இவரு வீடியோ எடுத்து, 'யாரும் சொல்லித் தராமல் தானாக வாசிக்கிறாள் தும்பை'ன்னு வாட்ஸ்அப் குழுவுல போட்டாரு. அடேங்கப்பா, எத்தனை கும்பிடு, எத்தனை பூங்கொத்து. நானும் பாத்துப் பூரிச்சேன், ஏன் பொய் சொல்லோணும். போன வாரம் இவரு சித்தப்பா மகன் ஊட்டுக் கிரகப்பிரவேசம். வாசல்ல வரவேற்புப் பலகை வச்சிருந்தாங்க. யாரோ ஒருத்தரு தும்பையக் கூப்பிட்டு, "நீதான் அந்த வீடியோவுல வர்ற பாப்பாவா, இதைப் படி பாக்கலாம்"னாங்க. தும்பை பலகையப் பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தா, நான் முன்னாடி சொல்லட்டும், பின்னாடியே சொல்லிரலாம்னு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அத்தனையும் மனப்பாடம். நான் வாகைக்குப் பால் குடுத்துக்கிட்டே சத்தமா வாசிச்சதை, அவ பக்கம் திருப்பிக் குடுத்து ஒத்தாசை பண்ணிப் பண்ணி, எந்த வார்த்தைல பக்கம் முடியும்னு மனசுல ஏத்தி வச்சிருக்கா. அவ புத்தகத்தைப் படிக்கல, என்னையப் படிச்சிருக்கா. அந்த அறிவை எங்க கொண்டு போயி வைக்கறது, எழுத்துக்கு மேல இருக்கற அறிவு அது. மத்தவங்க புள்ளை ஒண்ணு அஞ்சு வயசு, ஓடி வந்து பலகையப் பொளேர்னு படிச்சுட்டு ஓடிருச்சு. இவரு மூஞ்சியில ஈயாடல. அதான் இன்னைக்குச் சேத்தலாம்ங்கறாரு. புள்ளைக்காகவா? மானம் போச்சு, அதுக்காக. நான் ரெண்டு வருசம் கத்தினது காதுல ஏறல, நாலு பேரு சிரிச்சது ஏறிருச்சு. சரி எப்படியோ ஏறுச்சுல்ல. எந்தச் சனியன் புண்ணியமோ, புள்ளை பொழைச்சா போதும்னு நான் இருக்கோணுமா இல்லையா? அப்புறம் எதுக்கு இந்த நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?

நாளைக் காலையை நெனச்சுப் பாக்கறேன். அவ போயிட்டா. ரெட்டை சடையோட, பைய மாட்டிக்கிட்டு, நாலு தெரு தாண்டிப் போயிட்டா. நான் வாகையக் குளிக்க வைக்கறேன், காலை நீட்டி அவளைக் கால்ல போட்டு எண்ணெய் தேய்ச்சுட்டேன், துண்டு? துண்டு எடுத்து நீட்டறதுக்கு ஆளில்ல. எண்ணெயோட வழுக்கற புள்ளையத் தூக்கிட்டு நான் எந்திரிக்கோணும். அதுக்குள்ள மருது எங்க? பால்கனில நாற்காலி கெடக்குதா? நாற்காலிய உள்ள எடுத்துப் போட்டனா? மூணாவது மாடி. அவனுக்கு ஏறறது ஒண்ணுதான் தெரியும். அன்னைக்குக் குளிக்கற பெரிய வாளில தலைகுப்புற எட்டிப் பாத்துக்கிட்டு நின்னானே, கால் தரையில இல்ல, நான் சமையக்கட்டுல தாளிச்சுக்கிட்டு நிக்கறேன், எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. கேட்டது தும்பைக்கு. போயி டவுசரைப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு வந்து, எங்கிட்டச் சொல்லக்கூட இல்ல, வாளித் தண்ணிய மட்டும் கவுத்து விட்டுட்டா. ராத்திரி சும்மா பேச்சுவாக்குல சொல்றா. அவ போயிட்டா அந்தச் சத்தத்தைக் கேக்கற காது இந்த ஊட்டுல யாருக்கு இருக்கு? சரி, ஊரு உலகத்துல ஒத்தைப் பொம்பளை ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு இல்லையா? இருக்கறாங்கதான். கீழ் வீட்டுல இருக்கறாங்க, எதிர் வீட்டுல இருக்கறாங்க. நான் அவங்க இல்ல. என்னால முடியாது. முடியாதுன்னா சோம்பேறித்தனம் இல்ல, பயம். வாளி இல்ல, பால்கனி இல்ல. எனக்கு என்னையக் கண்டா பயமா இருக்குது. சொல்லிட்டேன். பத்து நாளைக்கு முன்னாடி மருது வாகை கால்ல கடிச்சு வச்சுட்டான், பல்லு பதிய. அது கதறுது, அடுப்புல என்னமோ பொங்குது, இவன் சிரிக்கறான். கையில தோசைக் கரண்டி, சூட்டோட இருக்குது, ஓங்கிட்டேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அடிச்சிருப்பேன். அடிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும், கை எறங்கிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல வந்து நின்னா. தும்பை. கத்தல, அழுகல. என்ற கண்ணைப் பாத்து, "அம்மா, நீ போயித் தண்ணி குடிச்சுட்டு வா. நான் பாத்துக்கறேன்"ன்னா. ஏழு வயசு. நான் போனேன். போயித் தண்ணி குடிச்சேன். வந்து பாத்தா வாகை அழுகைய நிறுத்தியாச்சு, அடுப்பை அணைச்சாச்சு. அவ போயிட்டா நடுவுல நிக்க யாரு இருக்கா?

அக்காளைக் கூப்பிட்டேன். இந்த யோசனை எப்ப வந்துச்சுன்னு தெரியல, கை தானாப் போனை எடுத்துச்சு. தெய்வானையக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குது. எனக்கு அம்மாளுக்கு அம்மா, அக்காளுக்கு அக்கா. எங்கம்மாவும் அப்பாவும் தறிக்குப் போயிருவாங்க, என்னை இடுப்புல வச்சு வளத்தது அதுதான். டீ நேரமாட்ட இருக்குது, பின்னால ஒரே பொம்பளைக சிரிப்பு. "என்ன கண்ணு, இந்நேரத்துல?" தும்பையப் பள்ளிக்கூடத்துல சேத்தப் போறோம்க்கான்னேன். "அட மகராசி! வாயில சக்கரையப் போடோணும். எப்போ?" இன்னைக்கேன்னேன். அக்காளுக்கு என்ன சந்தோசம்! பக்கத்துல இருக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுது, எங்க தங்கச்சி மக பள்ளிக்கூடம் போறான்னு. அது முடிக்கறதுக்குள்ள நான் கேட்டுட்டேன். "அக்கா, நீ வந்து ஒரு நாலு மாசம் இங்க இருக்கியா? உன்ற பசங்கதான் பெருசாயிட்டாங்கல்ல. சின்னதுக ரெண்டையும் பாத்துக்கிட்டீன்னா..." அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுருச்சு. அக்கா எங்கயோ தள்ளிப் போகுது, சத்தம் கொறையுது. "கோகி, வேற எதை வேணும்னாலும் கேளு, தர்றேன். புள்ளை தூக்கறதுக்கு மட்டும் என்னையக் கூப்பிடாத." கோவமில்ல, சாதாரணமாத்தான் சொல்லுது. "நீ பொறந்தப்ப நான் அஞ்சாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். உன்னைத் தூக்கோணும்னு என்னை நிறுத்துனாங்க. இங்க கம்பெனில மெடிக்கல்னு பாத்தாங்க, டாக்டரம்மா கேக்கறாங்க, ஏம்மா உனக்கு இடுப்பு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு, சின்னதுல ஏதாச்சும் பாரம் தூக்குனியான்னு. தங்கச்சியத் தூக்குனேனுங்கன்னேன். இந்த வேலைக்கு வந்துதான் ரெண்டு கையும் வீசி நடக்கறேன் கண்ணு. நான் வர மாட்டேன்." அதுவே மேல சொல்லுச்சு. "ஆளு வச்சுக்க, பூபதியக் காலைல கடைக்குப் போகாம இருக்கச் சொல்லு, உங்களுக்குள்ள என்னமோ பண்ணிக்கங்க." சரிக்கான்னேன். வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச்சு. "ஏன் கோகி, தும்பை ஊட்டுல இருந்து இத்தனை நாளா என்னதான் படிச்சா?" சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு, குத்தல் இல்ல. ஹோம் ஸ்கூலிங்க்கா, அது வேற மாதிரி, எல்லாத்தையும் வாழ்க்கையிலிருந்தே கத்துக்கறதுன்னு, இவரு பேசற பேச்சை அப்படியே ஒப்பிச்சேன். "எனக்கு அப்ப அதுக்குப் பேரு இருந்தது தெரியாமப் போச்சு பாரு"ன்னுச்சு. மணி அடிக்குது உள்ள போகோணும்னு வச்சிருச்சு.

இவரைக் கடைக்குப் போகாம இருக்கச் சொல்றதாமா. சொன்னேனே. வாகை பொறந்தப்பச் சொன்னேன். "கடையப் பாக்காம எப்படி கோகிலா, அதுவும் குடும்பத்துக்குத்தான"ன்னாரு. ஆளு வைக்கலாங்கன்னேன். "நம்ம குழந்தைய வேற ஒருத்தர் வளக்கறதா, அதுக்கா பெத்தோம்?"னாரு. அவரு கொள்கைல ஒரு ஓட்டை இருக்காது, அத்தனை ஓட்டையவும் அடைக்கறது என்ற புள்ளை. 'குடும்பமே பாடசாலை'ன்னு அடுத்த மாசம் அந்த முகாம் ஆளுக கூட்டத்துல பேசப் போறாரு. அங்க இருக்கற ஆம்பளைக எல்லாம் தலையாட்டுவாங்க. அவங்க ஊட்டுலயும் ஒவ்வொரு தும்பை இருப்பா, வேற என்ன மரம் செடி பேரோ. நான் எம்எஸ்சி படிச்சேன்னு சொல்லிக்கறேன், அதை யாரு இடுப்புல ஒக்காந்து படிச்சேன்னு இன்னைக்குத்தான் தெரியுது. எங்கம்மாளை எத்தனை நாள் கரிச்சுக் கொட்டிருக்கேன், அக்காளைப் படிக்க வைக்காமக் கெடுத்துட்டயேன்னு. அம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. பதில் என்ன இருக்குது சொல்ல? தறி ஓடோணும், புள்ளைய யாராவது தூக்கோணும். எங்கம்மாவாவது அதை வேலைன்னே சொன்னா. நாங்க கல்விங்கறோம். வாகை சிணுங்க ஆரம்பிச்சுட்டா. தும்பை வந்து தொட்டில்லருந்து தூக்குறா, தோள்ல சாய்ச்சு முதுகத் தட்டறா, இடுப்பை ஒரு பக்கமாச் சாய்ச்சு நிக்கறா. நேரா நில்லுடின்னு கத்திட்டேன். எதுக்குக் கத்தறேன்னு அவளுக்குப் புரியல. நேரா நின்னா. வாகை வழுக்குனா. மறுபடி சாய்ஞ்சுக்கிட்டா.

போன் அடிச்சுச்சு. சாதம் வடிச்சுக்கிட்டு இருந்தேன், வடிச்சு நிமித்தறதுக்குள்ள ரெண்டு தடவை அடிச்சு ஓஞ்சு மறுபடி அடிக்குது. தும்பை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு நீட்டறா, கை வேலையா இருந்தா அப்படித்தான் பண்ணுவா. "என்ன கோகிலா, முடிவு பண்ணிட்டியா? கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே கெளம்போணும்." அவரு குரல்ல ஒரு மாதிரி பவ்யம். இதுக்குத்தான் ரெண்டு வருசம் காத்துக்கிட்டு இருந்தேன். தும்பை என்ற மூஞ்சியப் பாக்கறா. எழுத்தைப் பாக்காம என்ற மூஞ்சியப் பாப்பாளே, அதே பார்வை. சொல்லு கோகிலா. செருப்பை மாட்டு, வாகையத் தோள்ல போடு, மருது கையப் புடி, நாலு தெருதான, போயி உக்கார வச்சுட்டு வந்துரு, நாளைக்கு வர்றதை நாளைக்குப் பாத்துக்கலாம், எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் பாக்கறாங்க. மருது பால்கனிக் கதவை இழுக்கறான். கொண்டி போட்டிருக்கா? போட்டிருக்கு. போட்டனா? "கோகிலா?" "இந்த வருசம் வேண்டாமுங்க"ன்னேன். என்ற குரலா அது? "அவ இன்னும் தயாராகலீங்க. அவசரப்படுத்த வேண்டாம். தானா மலரட்டும்." அந்த வார்த்தையவே சொன்னேன், நான் கேலி பண்ணிக் கேலி பண்ணி வச்சிருந்த வார்த்தை, வாய்க்குள்ள ரெடியா இருந்திருக்குது. அப்புறம் அவருக்குக் குரலு தழுதழுத்துருச்சு. "எனக்குத் தெரியும் கோகிலா. நீயும் ஒரு நாள் புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும். நான்தான் ஊரு பேச்சுக்குப் பயந்துட்டேன், நீ உறுதியா இருக்கற பாரு." ஆமாங்க, நெம்ப உறுதி. சாயங்காலம் வர்றப்ப புள்ளைகளுக்குக் கடலமுட்டாய் வாங்கிட்டு வர்றேன்னாரு. வச்சுட்டாரு.

தும்பை போனை ஸ்லாப்பு மேல பத்திரமா வச்சா. அழுவான்னு நெனச்சேன். அழுதிருந்தா, சாமி சத்தியமா, சாதத்தை அப்படியே போட்டுட்டுக் கூட்டிட்டு ஓடிருப்பேன். அப்படித்தான் இப்ப சொல்லிக்கறேன். அவ அழுகல. அடுத்த ஜூன்ல சேத்தறேன் கண்ணு, கண்டிப்பாச் சேத்தறேன்னேன், அவ கேக்காமலே. அவ தலைய ஆட்டுனா. "அடுத்த ஜூன்னா, பாப்பா நடப்பாளாம்மா?"ன்னா. நான் ஒண்ணும் சொல்லலையே அவகிட்ட. மலரட்டும்னுதான சொன்னேன், தயாராகலன்னுதான சொன்னேன், அவளைப் பத்தித்தான சொன்னேன். "நடப்பா சாமி"ன்னேன். "அவளா நடந்தா நான் போலாமா?" தலைய ஆட்டுனேன். அவ வாகைய இடுப்புலருந்து எறக்குனா. தரையில நிக்க வச்சு ரெண்டு அக்குள்லயும் கைய குடுத்துப் புடிச்சுக்கிட்டு, "நட பாப்பா, நட"ங்கறா. உக்காரவே தெரியாத புள்ளைக்குக் கால் எங்க நிக்கும், துவண்டு துவண்டு மடங்குது, பாதம் தரையில படாமத் தேயுது. வாகை இது என்னமோ புது வெளையாட்டுன்னு சிரிக்கறா. தும்பை சிரிக்கல. மடங்குன காலை ஒவ்வொண்ணா நிமித்தி வச்சு, மறுபடி தூக்கி நிறுத்தறா. "நட பாப்பா." விட்டுரு கண்ணு, அதுக்கு இன்னும் நாளாகும்னு சொல்ல வர்றேன். மறுபடி நிறுத்தறா.